ஆறுவதும் ஆற்றுவதும்

2023 யூன் 18, ஞாயிற்றுக்கிழமை. இங்கே அது தந்தையர் தினம். காலையில் மகன் தன் கையால் செய்த வாழ்த்து மடல் ஒன்றைத் தந்தான். அதில் ஒரு சிவப்பு பஸ், அதன் யன்னலுக்குள்ளே மீசை வைத்த நான். அன்று பின்னேரம் நாலு மணிக்கு, விம்பிள்டன் பூங்காவின் பொது ரெனிஸ் தளத்தில், அதே பிள்ளையின் வலது கையைப் பிடித்து உலுப்பினேன். அவன் அழுதான். அழுகையை நிறுத்தச் சொல்லி இன்னும் உலுப்பினேன்.

நடந்தது சின்ன விஷயம். தன் வயது நண்பனோடு விளையாடித் தோற்றுக்கொண்டிருந்தான். கோட்டில் பட்ட பந்தை நண்பன் வெளியே என்று சொல்லிவிட்டான் என்பது இவனுடைய கட்சி. முதலில் மட்டையை வேலிக் கம்பியில் எறிந்தான். நான் வெளியில் நின்று "எடு, விளையாடு" என்றேன். அடுத்த புள்ளியும் போனது. மட்டையை இரண்டு கையாலும் பிடித்து நிலத்தில் ஓங்கி அடித்தான். மூன்றாவது அடியில் சட்டம் வெடித்தது. அந்த நண்பனின் தாய் தகப்பன் வாங்கில் இருந்து பார்த்தார்கள். பக்கத்துத் தளத்தில் விளையாடியவர்களும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நான் உள்ளே ஓடினது மட்டைக்காக அல்ல. அதன் விலை முப்பது பவுண். அந்தப் பார்வைகளுக்காக ஓடினேன். இதை எனக்கே ஒப்புக்கொள்ள எத்தனையோ நாள் எடுத்தது.

மறுநாள் பின்னேரம், வேலைக்கு வெளிக்கிடும் நேரம், பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. உடற்பயிற்சி வகுப்புக்கு உடுப்பு மாற்றும்போது அவனுடைய மேற்கையில் நாலு விரலும் ஒரு பெருவிரலும் நீலம் பாரித்துப் பதிந்திருந்ததை ஆசிரியை கண்டிருக்கிறார். பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் எங்களைச் சந்திக்க விரும்பினார். நானும் மனைவியும் போனோம். பிள்ளைகளுக்கான சின்னக் கதிரைகள் போட்ட அறை. முழங்கால் நெஞ்சில் முட்ட நான் ஒன்றில் இருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. மகனிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். அவன் சொன்ன பதிலைத் தாளில் பார்த்து வாசித்தார்: "அது என்னுடைய பிழை. நான் அப்பாவுக்குக் கோபம் வரச் செய்துவிட்டேன்."

எனக்கு அந்த வசனம் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பதினைந்து வயதில் நானே அதை ஆருக்கோ சொல்லியிருக்கிறேன். தமிழில் சொன்னேன், அவ்வளவுதான்.

பிறகு அவர் இரண்டு கேள்வி கேட்டார். "உங்களுக்குக் கோபம் வந்தால் வீட்டில் என்ன செய்வீர்கள்?" "அன்றைக்கு, அதற்கு முன்னால், உங்களுக்கு ஏதும் நடந்ததா?" முதலாவதுக்கு மனைவி நிலத்தைப் பார்த்தாள். இரண்டாவதுக்கு நான் "இல்லை" என்றேன்.

உண்மை வேறு. நான் பஸ் ஓட்டுகிறேன். முதல் நாள் சனி இரவு, அட்டை வேலை செய்யாத ஒருவன் என் முகத்துக்கு நேரே, கண்ணாடித் தடுப்பில் துப்பினான். வந்த நாட்டுக்கே போகச் சொன்னான். பயிற்சியில் சொல்லித்தந்தபடி நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். எச்சில் வழிய வழிய இன்னும் பதினொரு தரிப்பிடம் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். ஆருக்கும் சொல்லவில்லை. சொல்லாதது போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

*

எங்கள் ஆட்கள் இப்படியான விஷயத்தைக் கேட்டதும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளையைக் கொண்டுபோயிடுவாங்களோ?" கொண்டுபோகவில்லை. சமூக சேவையிலிருந்து ஒருவர் ஒரு தடவை வீட்டுக்கு வந்தார், எல்லாரோடும் தனித்தனியாகக் கதைத்தார், குளிர்சாதனப் பெட்டியை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. பெற்றோருக்கான வகுப்பு ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள். போனேன். சில வாரங்களில் பதிவை மூடினார்கள்.

எஃப்ரா வீதிக் கணபதி கோவிலில் ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அன்னதான வரிசையில் நிற்கும்போது, தெரிந்த ஒருவருக்கு இதை மெல்லச் சொன்னேன். 1981இல் தொடங்கிய கோவில் அது. எங்கள் ஆட்கள் இந்த ஊருக்கு வந்த காலம் தொட்டு எத்தனையோ குடும்பக் கதைகளை அந்தச் சுவர்கள் கேட்டிருக்கும். அவர் சொன்னார்: "அண்ணை, இஞ்ச ஒரு தட்டுத் தட்டினாலும் சட்டம். நாங்கள் அடி வாங்கித்தானே வளந்தனாங்கள், என்ன கெட்டுப்போனம்?"

சட்டம் அவர் நினைத்தது மாதிரி இல்லை. ஸ்கொட்லாந்து 2020 நவம்பரிலும் வேல்ஸ் 2022 மார்ச்சிலும் பிள்ளையை அடிப்பதை முற்றாகத் தடைசெய்துவிட்டன. இங்கிலாந்தில் நான் அந்தச் சின்னக் கதிரையில் இருந்த அன்று, 2004ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி, பெற்றோருக்கு 'நியாயமான தண்டனை' என்ற ஒரு வாதம் மிச்சம் இருந்தது. ஆனால் உடற்காயம் விளைந்தால் அந்த வாதம் உதவாது. என்னுடைய ஐந்து விரல் அடையாளமும் அந்தக் கோட்டுக்கு மிகக் கிட்டத்தில் நின்றன. சட்டப் புத்தகத்தில் கோடு எங்கே இருக்கிறது என்று தேடுகிற தகப்பன் எந்த நிலைமையில் நிற்கிறான் என்பதைப் பிறகுதான் யோசித்தேன்.

"என்ன கெட்டுப்போனம்?" என்ற கேள்விக்குத்தான் என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. வரிசை நகர்ந்துவிட்டது.

*

என் தகப்பன் கணித ஆசிரியர். அமைதியானவர் என்று ஊரில் பேர். ரெனிஸ் விளையாட்டை நேரில் பார்த்திராதவர், ஆனால் ராமநாதன் கிருஷ்ணனின் பேரைச் சொல்லும்போது நிமிர்ந்து இருப்பார். நாகர்கோவிலில் பிறந்த ஒரு தமிழன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றதையும், 1960, 1961 இரண்டு வருடமும் அரையிறுதி வரை வந்ததையும், அந்த இரண்டு முறையும் அவரைத் தோற்கடித்த நீல் ஃபிரேசரும் ரொட் லேவரும்தான் அந்தந்த வருடம் கிண்ணத்தை எடுத்தார்கள் என்பதையும் மனக்கணக்கு மாதிரிச் சொல்லுவார். "அந்த மனுசன் பந்தை அடிக்கிறேல்லை, தடவிறது" என்பார். நான் விம்பிள்டனில் வீடு எடுத்ததற்கும், மகனின் கையில் மட்டையைக் கொடுத்ததற்கும் அந்தக் கதைகள்தான் காரணம்.

அதே தகப்பன் எனக்குப் பூவரசங்கம்பால் அடித்தவர். எப்போதும் அல்ல. எப்போது என்பதுதான் விஷயம்.

1996. இடம்பெயர்ந்து போன நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பி வந்து சில மாதங்கள். எங்கள் வீதி முடக்கில் ஒரு சென்றி. ஒரு நாள் பின்னேரம் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். சேட்டின் முன்பக்கம் மண். முழங்கால் இரண்டிலும் மண். அம்மா கேட்டா, அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். நான் விறாந்தையில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். மை போத்தலைத் தட்டிவிட்டேன். அவ்வளவுதான். அன்று முதுகில் விழுந்த அடிகளை நான் எண்ணவில்லை, அம்மா எண்ணினா. பிறகு எனக்கு நல்லெண்ணெய் பூசும்போது சொன்னா: "அப்பாவுக்குக் கோபம் வாறமாதிரி நடக்காதை ராசா."

அவருக்கு முழங்காலில் மண் வந்தது எப்படி என்று எனக்கு அன்றே தெரியும். என் முதுகுக்கும் அந்த முழங்காலுக்கும் இடையில் ஒரு கோடு இருப்பதைக் காண எனக்கு நாற்பத்திரண்டு வயது வரவேண்டியிருந்தது. ஒரு கண்ணாடித் தடுப்பில் எச்சில் வழியவேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்ற ஆங்கில நூலில் எங்கள் சமூகத்தின் மனக்காயங்களை எழுதினார். பிறகு வந்த எழுத்துகளில், தனி மனிதரின் காயம் என்று மட்டும் பார்க்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று சொல்லி வந்தார். அவரை வாசித்தபோது, எங்கள் வீட்டுக் கிணற்றடி அதற்குள் இருந்தது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறது. சிரிப்பும் அழுகையும் அச்சமும் வியப்பும் இருக்கிற அதே வரிசையில் வெகுளியும் இருக்கிறது. எட்டில் ஒன்று. குற்றம் என்று தனியாகத் தள்ளி வைக்கப்படவில்லை. வெகுளி எதிலிருந்து பிறக்கும் என்றும் நான்கு சொல்கிறது: உறுப்புக்கு ஊறு செய்தல், குடிக்குக் கேடு சூழ்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல். ஒரு சென்றியைக் கடந்து வீட்டுக்கு வந்த எந்தத் தகப்பனுக்கும் இந்த நான்கில் எது பொருந்தவில்லை? ஆனால் எனக்கு உறைத்தது மூன்றாவது. அடி அங்கே கோபத்துக்கு மருந்தாகச் சொல்லப்படவில்லை. கோபத்தின் காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

*

பள்ளிக்கூடத்தில் மகனுக்கு வாரம் ஒரு தடவை 'எல்சா'வோடு நேரம் ஒதுக்கினார்கள். பனிநாட்டுப் படத்தில் வருகிற இளவரசி என்று முதலில் நினைத்தேன். மகனும் சிரித்தான். அது உணர்ச்சிகளை அறியப் பிள்ளைகளுக்குத் துணை நிற்கிற உதவியாளரின் பதவிப் பேரின் சுருக்கம். கல்வி உளவியலாளர்கள் பயிற்சி கொடுத்து, இங்கே நிறையப் பள்ளிக்கூடங்களில் இப்படி ஒருவர் இருக்கிறார்.

முதல் வாரம் அவன் தன் கையோடு வீட்டுக்கு வந்தான். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற நாலு விரலையும் அதன்மேல் மூடிக் காட்டினான். உள்ளே இருக்கிற பெருவிரல் மூளையில் அபாயமணி அடிக்கிற இடம். மேலே மூடியிருக்கிற விரல்கள் யோசிக்கிற இடம். கோபம் கூடினால் விரல்கள் நாலும் மேலே எழும்பிவிடும், மூடி கழன்றுவிடும். அப்போது யோசிக்கிற பக்கத்தோடு தொடர்பு அறுந்துவிடும். அமெரிக்க மனநல மருத்துவர் டானியல் சீகல் பிள்ளைகளுக்கு விளங்கச் செய்த உவமை அது. யோசிக்கிற அந்தப் பகுதி இருபது வயது தாண்டியும் முற்றிக்கொண்டிருக்கும் என்று பெற்றோர் வகுப்பில் சொன்னார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் மூடி கழன்ற நேரத்தில் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்பது, பதில் சொல்ல ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது.

இரண்டாவது வாரம் நாலு நிறம் கொண்டுவந்தான். லியா கைப்பேர்ஸ் என்ற தொழில்வழிச் சிகிச்சையாளர் 2011இல் வெளியிட்ட முறை. சோர்வும் கவலையும் நீலம், அமைதி பச்சை, பதற்றமும் எரிச்சலும் மஞ்சள், கட்டுமீறினால் சிவப்பு. எந்த நிறமும் கெட்ட நிறம் இல்லை என்பதுதான் அதன் முதல் பாடம். மஞ்சளில் நிற்கும்போதே கண்டுபிடித்தால் சிவப்புக்குப் போகாமல் திரும்பலாம் என்பது இரண்டாவது. "அப்பா, நீங்கள் நீலத்திலிருந்து நேரே சிவப்புக்குப் போறனீங்கள்" என்றான். மனைவி சிரிப்பை அடக்கப் பாத்திரம் கழுவப் போனாள்.

எல்லாம் சரியாகப் போனது என்று சொல்ல வரவில்லை. எனக்கு அவசரம். கோபம் உள்ளே இருந்தால்தானே பிரச்சினை, வெளியே போகட்டும் என்று குத்துச்சண்டைப் பை ஒன்றை வாங்கி வந்து அவனுடைய அறையில் தூக்கினேன். "கோபம் வந்தால் இதுக்குக் குத்து." இரண்டு கிழமை குத்தினான். குத்தும்போது அந்த நண்பனின் பேரைச் சொல்லிச் சொல்லிக் குத்தினான். மூன்றாவது கிழமை பள்ளிக்கூட விளையாட்டிடத்தில் வேறொரு பிள்ளையைக் குத்தினான்.

பெற்றோர் வகுப்பை நடத்தியவரிடம் சொன்னபோது, எங்கள் வீட்டில் நடந்ததை 2002இலேயே ஒருவர் ஆராய்ந்துவிட்டார் என்றார். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 600 மாணவர்களைக் கோபப்படுத்திவிட்டு, ஒரு பகுதியினரைக் கோபப்படுத்தியவனை நினைத்தபடி பையில் குத்தவிட்டார். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சியை நினைத்துக் குத்தினார்கள். மிச்சப் பேர் இரண்டு நிமிடம் சும்மா இருந்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடினது. பழிவாங்கும் செயலிலும் அவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். சும்மா இருந்தவர்கள்தான் கடைசி. அன்றிரவே பையைக் கழற்றினேன்.

*

பேர் வைப்பதில்தான் எங்களுக்கு முதல் வெளிச்சம் வந்தது. உணர்ச்சிக்குச் சொல் கொடுத்தால் அதன் வேகம் குறையும் என்பது பழைய நம்பிக்கை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மத்யூ லீபர்மனும் கூட்டாளிகளும் 2007இல் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். கோபமான, பயந்த முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பேரைத் தெரிவு செய்தபோது, அபாயமணிப் பகுதியின் துடிப்பு தணிந்தது. அது பெரியவர்களில் செய்த ஆய்வு. நாங்கள் எங்கள் வீட்டில் ஒன்றைச் செய்து பார்த்தோம்.

மகனிடம் ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல்தான் இருந்தது. தமிழில் 'கோபம்' மட்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாளை ஒட்டி, எங்களுக்குத் தெரிந்த சொற்களை எழுதத் தொடங்கினோம். மாமி எங்களோடுதான் இருக்கிறா, பாதிச் சொல் அவ தந்தது. எரிச்சல். கடுப்பு. கொதி. ஆத்திரம். பொருமல். புறுபுறுப்பு. ரோசம். சீற்றம். சினம். செல்லக் கோபம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லவேண்டும் என்பது விதி. கடுப்பு என்றால் காலணிக்குள் மண் போனமாதிரி என்றான் மகன். பொருமல் என்றால் வாய்க்குள்ளேயே கதைப்பது. ஆத்திரத்துக்குள் ஓட்டம் இருக்கிறது, அவசரம் என்ற பொருளும் அதற்கு உண்டு. ரோசத்தை விளங்கப்படுத்த எனக்கு நெடுநேரம் எடுத்தது. ஆக்கள் பார்க்கும்போது வருகிற கோபம் என்று சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். "ரெனிஸ் விளையாடேக்க உங்களுக்கு வந்தது அதோ?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.

"எனக்கு அது இல்லை. எனக்கு விசர் வந்தது. அவன் பொய் சொன்னவன், ஒருத்தரும் என்னை நம்பேல்லை."

விசர் என்ற சொல்லைத் தாளில் எழுதினோம். அதற்கு நேரே அவன் தன் எழுத்தில் எழுதினான்: ஒருத்தரும் நம்பாதபோது. அந்தப் பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று நான் அவனிடம் அன்றைக்குக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மட்டையை உடைத்தது பிழை. அவனுக்கு வந்த கோபம் பிழையில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஒருவரும் சொல்லித்தந்ததில்லை.

*

மாமிக்கு இந்த நிறங்களிலோ ஆய்வுகளிலோ பெரிய நம்பிக்கை இல்லை. அவ தன்பாட்டில் ஒன்று செய்வா. மகன் முகம் சிவந்து பள்ளிக்கூடத்தால் வந்தால், ஒன்றும் கேட்கமாட்டா. பால்தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து, அவனுக்குப் பக்கத்தில் இருந்து, இரண்டு மூக்குப்பேணியை எடுத்து ஆத்துவா. மேலே தூக்கி, கீழே இறக்கி, திரும்ப. அவன் அந்தத் தேத்தண்ணிக் கயிறு நீண்டு நீண்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஐந்தாறு தரம். அவனுடைய மூச்சு மெல்ல மெல்ல அந்த இழுப்புக்கு வந்துவிடும். அவ குடிக்கச் சொல்லுவா. பாதி குடித்ததும் அவனாகவே தொடங்குவான்: "அம்மம்மா, இண்டைக்கு என்ன நடந்தது தெரியுமோ?"

ஒரு நாள் நான் கேட்டேன், "மாமி, ஊதிக் குடுத்தால் கெதியா ஆறுமே?"

"ஆறும். ஆனா ஆத்திறதுக்கு ரெண்டு பேணி வேணும் தம்பி. ஒண்டுக்குள்ள இருந்தால் அது சூட்டோடதான் கிடக்கும்."

அவ தேத்தண்ணியைப் பற்றித்தான் சொன்னா. நான்தான் அன்றிரவு பஸ்ஸில் அந்தச் சொல்லை உருட்டிக்கொண்டிருந்தேன். தமிழில் தேத்தண்ணியும் ஆறும், புண்ணும் ஆறும், சினமும் ஆறும். ஔவையார் ஆத்திசூடியில் சினத்துக்கு அந்த வினையைத்தான் சொன்னார். அதன் பிறவினை ஆற்று. தானாக ஆறுவது ஒன்று, இன்னொருவர் ஆற்றுவது இன்னொன்று. ஆறுதல் என்ற சொல்லும் அங்கேயிருந்துதான் வருகிறது. பெற்றோர் வகுப்பில் அவர்கள் சொன்னதும் இதுதான்: பிள்ளை தன்னைத் தானே அமைதிப்படுத்தப் பழக முன்னர், அமைதியான ஒரு பெரியவரோடு சேர்ந்து அமைதியாகிப் பழகவேண்டும், அதுவும் நூறு தரம் ஆயிரம் தரம். அடக்கு என்று சொன்னால் பிள்ளை ஆறாது. கொதிக்கிற பேணிக்கு முன்னால் இன்னொரு கொதிக்கிற பேணியை நீட்டினாலும் ஆறாது. அப்பா அன்று கிணற்றடியில் முகம் கழுவியபோது, அவரிடம் இருந்தது ஒரு பேணிதான்.

நான் வேலையால் வந்ததும் நேரே வீட்டுக்குள் போவதை நிறுத்தினேன். வாசலில் ஐந்து நிமிடம் நிற்பேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுவேன். உள்ளே வந்து மனைவியிடம் ஒரு வசனமாவது சொல்லுவேன்: இன்றைக்கு ஒருத்தன் இப்படிச் சொன்னவன், எனக்குக் கடுப்பு. மகன் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் கேட்கட்டும். கோபம் வந்த ஒரு ஆம்பிளை அதை வாயால் சொல்லிவிட்டுச் சோறு தின்பதை நான் என் பிள்ளைப் பருவத்தில் ஒரு நாளும் கண்டதில்லை.

பிறகும் இரண்டு தரம் சத்தம் போட்டேன். ஒரு தரம் கதவை அடித்துச் சாத்தினேன். ஆனால் ஒன்றைப் பழகினேன். மறுநாள் அவனுடைய கட்டிலில் போய் இருந்து, "அப்பா நேற்றுச் செய்தது பிழை. அது உன்ர பிழையில்லை" என்று சொன்னேன். முதல் தரம் சொல்லும்போது நாக்கு மடங்கவில்லை. எங்கள் வீட்டில் தலைமுறையாக எந்தத் தகப்பனும் மகனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அவன் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "பரவாயில்லை. ஆனா கதவு பாவம்" என்றான்.

*

அந்த யூலையில் போட்டிகள் நடக்கும்போது, நடுத் தளத்துக்குள் போக வசதியில்லாதவர்கள் பெரிய திரையில் பார்க்கிற அந்தப் புல்மேட்டைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஹென்மன் மேடு என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். ஹென்மன் ஆர் என்று மகன் கேட்டான். நான் அந்தக் கதையைச் சொன்னேன்.

1995இல் ரிம் ஹென்மனுக்கு இருபது வயது. இரட்டையர் ஆட்டம். ஒரு புள்ளி போன கோபத்தில் பந்தை ஓங்கி அடித்தார். பந்து எடுக்க ஓடிய ஒரு சிறுமியின் தலையில் அது பட்டது. வேண்டுமென்று அடிக்கவில்லை. ஆனாலும் அந்த இடத்திலேயே ஆட்டத்திலிருந்து நீக்கினார்கள். விம்பிள்டனில் தொழில்முறைக் காலத்தில் அப்படி நீக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான். மறுநாள் அந்தச் சிறுமிக்குப் பூக்கொத்து கொடுத்து மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு நாலு தரம் அரையிறுதிக்கு வந்தார். நல்ல பிள்ளை என்று பேர் எடுத்தார். மேட்டுக்கு அவர் பேர் வந்தது.

மகன் இதை நெடுநேரம் யோசித்தான். "அப்ப அவரை விளையாட விட்டவை?"

"அண்டைக்கு விடேல்லை. பிறகு விட்டவை."

"ரெண்டும் சரிதான்" என்றான்.

இப்போதும் அவன் விளையாடுகிறான். புது மட்டை வாங்குவதற்குத் தன் உண்டியலிலிருந்து பத்துப் பவுண் போட்டான், அது அவனே சொன்ன தண்டனை. மஞ்சளுக்கு வரும்போது தளத்தின் பின்பக்கம் போய் மட்டை நரம்புகளை விரலால் ஒவ்வொன்றாக நேராக்குவான். சில நாள் அது உதவும். சில நாள் அழுதுகொண்டு வெளியே வருவான். வந்தால் நான் பக்கத்தில் இருப்பேன். பந்து கோட்டில் பட்டதா என்று கேட்பேன்.

போன வருடம் ஊரில் இருக்கிற அப்பாவோடு வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருந்தோம். எண்பது தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம். மகன் கமராவுக்குக் கிட்டப் போய், நான் தடுக்க முன்னர், கேட்டுவிட்டான்: "அப்பப்பா, நீங்கள் அப்பாவுக்கு அடிக்கிறனீங்களோ?"

நான் மூச்சை விடவில்லை. அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"ஓம்" என்றார். "அடிச்சனான்."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பின்னால் எங்கேயோ கோழி கத்திற சத்தம். பிறகு கேட்டார்: "அப்பன், உங்களுக்கு உங்க இப்ப குளிரோ? சாப்பிட்டாச்சோ?"

மகன் சாப்பிட்டாச்சு என்றான். என்ன சாப்பாடு என்றும் சொன்னான். அழைப்பு முடிந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, தாளில் இருந்த சொற்களை மேலிருந்து கீழே வாசித்தான்.

"அப்பப்பாவுக்கு அப்ப எது வந்தது?" என்று கேட்டான்.

அவனுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. கதிரையை இழுத்து அவனை இருத்தினேன். சென்றி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. மாமி இரண்டு பேணியை எடுத்துக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால் வைத்தா.